கோயில் வாசலில் ஹெலிபேட்

சங்கராபுரத்தில் கல்யாண ஆல்பம் டிசைன் செய்வது என் பிழைப்பு. மாப்பிள்ளையின் முகப்பருவை அழிப்பேன், பெண்ணின் தாய்மாமனுக்கு நெற்றியில் கொஞ்சம் முடி வளர்ப்பேன், கேட்டால் பின்னால் ஒரு பனிமலையும் வைத்துக் கொடுப்பேன். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது. கம்ப்யூட்டர் சும்மா கிடக்கும், நானும் சும்மா கிடப்பேன். சும்மா கிடப்பது என் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது. அப்படி ஒரு ஆடி மாதத்தில்தான் விமான சிமுலேட்டரை ஏற்றினேன். நாற்காலியில் உட்கார்ந்தபடியே விமானம் ஓட்டுகிற விளையாட்டு. விளையாட்டு என்று சொன்னால் அதில் ஊறினவர்களுக்குக் கோபம் வரும். வரட்டும்.

"கரும்புக்குத் தண்ணி பாயுதான்னு பாக்க ஆள் இல்ல, இவ ஆகாசத்துல சுத்திக்கினு இருக்கறா" என்பது என் வீட்டுக்காரரின் தீர்ப்பு.

முதல் நாளே எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன், நம்ம ஊரைத் தேடிப் போனேன். பக்கத்தில் இருக்கிற ரிஷிவந்தியத்தின் மேல் பறந்தால் கோயிலைக் காணோம். கோபுரம் நிற்க வேண்டிய இடத்தில் புகைபோக்கி வைத்த வெள்ளைக்காரன் வீடுகள் வரிசையாக நிற்கின்றன. சரி போகட்டும் என்று மேற்கே திருப்பினால் கல்வராயன் மலை. அதில் பார்த்தால், பனி விழும் தேசத்து ஊசியிலை மரம்! கடுக்காயும் புளியும் நெல்லியும் நிற்கிற மலையில் எந்தப் படுபாவி இதைக் கொண்டுவந்து நட்டான் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்றைக்கே முடிவு செய்தேன், இந்த மலையை நான் சரி செய்யாமல் விடப் போவதில்லை.

செய்யலாம். அந்த விளையாட்டில் அதற்கு இடம் உண்டு. யாரும் தன் ஊரை, தன் விமானத்தை, ஒரு மரத்தை, ஒரு பஸ் ஸ்டாண்டைச் செய்து இணையத்தில் வைக்கலாம். மற்றவர்கள் இறக்கிப் போட்டுக்கொள்ளலாம். ஆட்-ஆன் என்பார்கள். பெரும்பாலும் இலவசம்தான். ஆனால் இலவசத்துக்கும் ஒரு முறை இருந்தது. ஒருவர் செய்த மரத்தை என் மலையில் நட வேண்டுமென்றால் அவருக்கு எழுதிக் கேட்க வேண்டும். அவர் சரி என்று சொன்ன பிறகுதான் தொடலாம். என்ன நிபந்தனை போடுகிறாரோ அதை நம் ஆட்-ஆனோடு வரும் ரீட்மீ என்ற குறிப்பில் எல்லோருக்கும் தெரியும்படி எழுதி வைக்க வேண்டும். நான் புளியமரம் கேட்டு எழுதிய ஒரு வெளிநாட்டுக்காரர், மலை எவ்வளவு உயரம், மழை எந்த மாதம் என்றெல்லாம் விசாரித்துவிட்டு, அடிமரத்தின் நிறத்தை மட்டும் மாற்றாதீர்கள் என்று சொல்லி மரத்தைக் கொடுத்தார். பெண்ணைக் கட்டிக் கொடுப்பவர்கூட இவ்வளவு விசாரிப்பதில்லை.

எனக்கு அந்த முறை அவ்வளவு பிடித்தது. ஏனென்றால் என் தொழிலில் அது கிடையாது. நான் கண் எரிய உட்கார்ந்து செய்த ஆல்பம் டிசைனை அடுத்த முகூர்த்தத்தில் வேறு ஒரு ஸ்டுடியோக்காரன் மாப்பிள்ளை முகத்தை மட்டும் மாற்றி ஓட்டுவான். கேட்டால் சிரிப்பான். அந்தச் சிரிப்பைப் பார்த்துப் பார்த்துப் புளித்துப் போயிருந்த எனக்கு, கேட்டு வாங்குகிற மனிதர்களைக் கண்டதும் உச்சி குளிர்ந்துவிட்டது.

மரம் கிடைத்தது. வீடு வேண்டும். மலைவீடு. தேடிக்கொண்டிருந்தபோது சிமுலேட்டர்க்காரர்கள் கூடும் ஒரு தளத்தில் ஒரு படம் கண்ணில் பட்டது. சரிவில் நிற்கும் தகரக் கூரை வீடு, வாசலில் கவிழ்த்துப் போட்ட பிளாஸ்டிக் குடம், பக்கத்தில் காயப் போட்ட கம்பளி. நிஜப் போட்டோ என்றே நினைத்தேன். கீழே தமிழில் "எங்க வூடு" என்று எழுதியிருந்தது. செய்தவர் கள்ளக்குறிச்சியில் வீட்டு ப்ளான் வரைந்து கொடுக்கிற தம்பி; கடைசி பஸ் பிடித்தால் நேரில் போய்ப் பார்த்துவிடலாம். சொந்த ஊர் கல்வராயனில் வெள்ளிமலைக்கும் மேலே ஒரு சின்ன மலையூர். தன் ஊர் முழுவதையும் வீடு வீடாகக் கம்ப்யூட்டரில் கட்டி வைத்திருந்தார்.

கேட்டேன். "வூடுங்கள எடுத்துக்குங்கக்கா. அதுக்கு ஊர்ல சொல்லிட்டேன். கோயிலு மட்டும் இன்னும் கேக்கல. கேட்டுட்டுதான் தர முடியும்" என்றார்.

பாருங்கள், அவர் செய்த கோயில். அவர் கையால், அவர் கண்ணால் செய்தது. அதைத் தருவதற்கு ஊரைக் கேட்க வேண்டும் என்கிறார். நான் அசந்துபோனேன். "நானும் வர்றேன் தம்பி" என்றேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கச்சிராயப்பாளையம் வழியாக பஸ் ஏறிப் போனோம். பள்ளிக்கூட வராந்தாவில் ஒரு பிளாஸ்டிக் சேர்மேல் தம்பியின் லேப்டாப். சுற்றிலும் ஊர். முதலில் வீடுகளைக் காட்டியதும் ஒரே சிரிப்பு. "என் வூட்டுக் கூரை இவ்ளோ சாஞ்சா இருக்குது? எனக்கே இப்பதான்டா தெரியுது" என்றார் ஒருவர். ஒரு அம்மாள் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். அவர் வீட்டுக்குப் பொங்கலுக்குப் பச்சை பெயின்ட் அடித்தார்களாம். படத்தில் பழைய சுண்ணாம்புச் சுவரே இருக்கிறதாம். "உலகமே பாக்கும்ன்ற, எங்க வூட்டை மட்டும் அழுக்கா காட்டுறியே, நல்லா இருக்குதாடா?" தம்பி அங்கேயே உட்கார்ந்து சுவருக்குப் பச்சை அடித்துக் காட்டிய பிறகுதான் அந்த அம்மாள் அடங்கினார்.

பிறகு கோயில். சின்னக் கோயில்தான். கல் சுவர், ஓலைக் கூரை, முன்னால் பெருக்கி வைத்த மண் வாசல். அந்த வாசலில் ஊர்க்காரர்களே செருப்போடு கால் வைக்க மாட்டார்கள். திரையில் அது வந்ததும் சிலர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

"இதும் மேல ப்ளேன் பறக்குமா?" என்று கேட்டார் ஊர்ப் பெரியவர்.

"பறக்குங்க."

"உள்ள இருக்கறவன் செருப்பு போட்டுக்கினுதான இருப்பான்?"

"காக்காகூடத்தான் கோயிலு மேல பறக்குது" என்றார் பின்னாலிருந்து ஒருவர்.

"காக்கா செருப்பு போட்டுக்கினா பறக்குது?"

அங்கே யாரும் விளையாட்டுக்குப் பேசவில்லை. மலைக்கு மேல் நிஜ விமானங்கள் தினமும் போகின்றன, அதிலும் செருப்புக் கால்கள்தான், அதற்கு சாமி கோபித்துக்கொண்டதில்லை என்று ஒருவர் எடுத்துச் சொன்னார். வெகுநேரம் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். மேலே பறக்கலாம். வாசலில் இறங்கக் கூடாது. செருப்புக் கால் அந்த மண்ணில் படக் கூடாது, அது கம்ப்யூட்டர் மண்ணாக இருந்தாலும்.

"யாரும் கால் வெக்க மாட்டாங்கன்னு நீ சொல்லு தருவியா?" என்று பெரியவர் தம்பியைக் கேட்டார்.

தம்பி தன் அப்பாவைத் திரும்பிப் பார்த்தார். அதற்குக் காரணம் உண்டு. அந்த ஊரில் ஆடித் திருவிழாவில் சாமி நகை வைத்த மரப்பெட்டியைத் தோளில் சுமந்து ஊரைச் சுற்றி வர வேண்டும். வீட்டுக்கு வீடு முறை வரும். ஒரு முறை போனால் மறுபடி வரப் பாதி ஆயுள் ஆகும். போன தடவை முறை வந்தபோது தம்பியின் அப்பா கேரளாவில் மிளகுத் தோட்ட வேலையில் மாட்டிக்கொண்டு வர முடியாமல் போய், பெட்டி அடுத்த வீட்டுக்குப் போய்விட்டது. வரப்போகிற ஆடியில் மறுபடி அவர்கள் வீட்டு முறை. இன்னொரு முறை வரும்வரை அவர் இருப்பாரா என்பது சந்தேகம். சாமி முன்னால் கொடுத்த சொல் பொய்த்துப் போன வீட்டுக்காரர் பெட்டியைத் தொடக் கூடாது என்பது ஊர் வழக்கம். அதனால் அங்கே சொல் கொடுப்பது வாயால் பேசுகிற காரியம் அல்ல.

அப்பா தலையை ஆட்டினார். தம்பி குளித்துவிட்டு வந்து, கோயில் வாசலில் சூடம் ஏற்றிச் சொல் கொடுத்தார்.

அந்தச் சொல்லைக் காப்பாற்ற அவர் செய்த வேலை இருக்கிறதே, அதற்கே அவருக்குக் கோயில் கட்டலாம். அந்த வாசலைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத ஒரு சுவர் எழுப்பினார். எந்த விமானமாவது, ஹெலிகாப்டராவது அங்கே இறங்கப் பார்த்தால் ஆட்டம் நின்று, உளுந்தூர்பேட்டையில் சும்மா கிடக்கும் பழைய ரன்வேயில் கொண்டுபோய் விட்டுவிடும். சிமுலேட்டரின் புது வெர்ஷனில் பைலட் விமானத்தை விட்டு இறங்கி நடக்கலாம். அதற்கும் சேர்த்து, நடந்து வருகிறவனும் அந்தச் சுவரில் முட்டி நிற்பான். நான் ரீட்மீயின் முதல் வரியில், மற்ற எதற்கும் முன்னால், எழுதினேன்: கோயில் வாசலில் யாரும் இறங்கக் கூடாது, சுவரை நீக்கக் கூடாது, கோயிலைத் தனியே எடுத்து வேறு எதிலும் சேர்க்கக் கூடாது, ஊர் இந்த நிபந்தனையில்தான் அனுமதி தந்தது. தமிழிலும் எழுதினேன், எனக்குத் தெரிந்த ஆங்கிலத்திலும் எழுதினேன். பிறகு மலையை இணையத்தில் ஏற்றினோம்.

நல்ல பெயர். எங்கெங்கோ இருந்தவர்கள் கல்வராயன் மலைமேல் பறந்து படம் எடுத்து அனுப்பினார்கள். புளியமரத்துக்காரர், தன் மரங்களுக்கு மலை பிடித்திருப்பதாக எழுதினார். ஒருவர்கூடச் சுவரைப் பற்றிக் குறை சொல்லவில்லை.

அப்புறம் வந்தான் அட்மின்.

கள்ளக்குறிச்சியில் செல்போன் கவர் விற்கிறான். பஸ் ஓட்டுகிற விளையாட்டுக்கு நம்ம ஊர் பஸ் பெயின்ட் எல்லாம் சேர்த்துக் கொடுக்கிற ஒரு குரூப் நடத்திக்கொண்டிருந்தவன், அது சலித்துப்போய் விமானத்துக்குத் தாவினான். தானாக ஒரு செங்கல் செய்ததில்லை. ஊரான் செய்ததையெல்லாம் இறக்கி, ஒரே மூட்டையாகக் கட்டி, மேலே தன் குரூப் பெயரைக் கொட்டை எழுத்தில் ஒட்டி, "மெகா பேக்" என்று விடுவான். குரூப்பில் இருக்கிற கூட்டம் தல, தெய்வமே என்று இதயம் இதயமாகப் போடும். எச்சில் இலையைக் கழுவி மறுபடி பந்தியில் போடுகிறவனுக்கு இருக்கிற மரியாதை, இலை அறுத்தவனுக்குக் கிடையாது.

நாங்கள் மலையை ஏற்றிக் கொஞ்ச நாளில் தம்பி என் கடைக்கு வந்தார். எப்போதும் வந்தவுடன் டீ சொல்கிறவர், அன்று நேரே செல்லை நீட்டினார். பெங்களூரில் கட்டட வேலை செய்கிற அவர் ஊர்ப் பையன்கள் ஊர் வாட்ஸ்அப்பில் போட்டு, இது என்ன என்று கேட்டிருக்கிற வீடியோ. "கல்வராயன் மலைக் கோயில்ல ஹெலிகாப்டர் லேண்டிங், வேற லெவல் மாஸ்!" என்று தலைப்பு. குத்துப்பாட்டு ஓடுகிறது. தம்பி கட்டிய கோயில். பெருக்கி வைத்த அந்த மண் வாசலில் வட்டம் போட்டு, நடுவில் பெரிதாக ஹெச் எழுதிய ஹெலிபேட். ஹெலிகாப்டர் அதன்மேல் உட்காருகிறது. கதவைத் திறந்து பூட்ஸ் போட்ட ஒருவன் இறங்கி, கோயிலைச் சுற்றி நடந்து, வாசற்படியில் ஏறி நின்று கையை ஆட்டுகிறான்.

அந்த இடத்தோடு நிறுத்தினேன். செல்லைக் கவிழ்த்து மேஜைமேல் வைத்தேன்.

தம்பி கேட்டது ஒன்றே ஒன்றுதான். "இத்த அழிச்சிட முடியுமாக்கா? ஆடிக்கு முன்னால அழிச்சிட்டா அப்பாவுக்குப் பெட்டி கெடைக்கும்."

அன்றே இருவரும் கள்ளக்குறிச்சிக்குப் போனோம். அட்மின் கடையில் யாருக்கோ செல்லுக்கு ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தான். எங்களைப் பார்த்ததும் முகமெல்லாம் பல். "வாங்கக்கா, வாங்க தல! உங்க மலைதான் இப்ப ஹிட்டு. வ்யூஸ் பிச்சிக்கினு போவுது!"

"அத்தக் கேக்காம எப்படி எடுத்த?" என்றேன்.

"இன்னாக்கா இப்படிக் கேட்டுட்டீங்க? கேட்டேனே! தலைக்கு மெசேஜ் போட்டேன். 'ப்ரோ, பர்மிஷன்?' அப்படின்னு போட்டேன். பதிலே வரல."

தம்பி செல்லைத் திறந்து பார்த்தார். இருந்தது. அவர் மலையில் இருந்த நாட்களில் வந்தது. மேலே பல இடங்களில் டவர் கிடையாது. இறங்கி வந்தபோது மற்ற செய்திகளுக்கு அடியில் அது போய்விட்டது.

"பதில் வராட்டி?"

"வேணாம்னு சொல்லலியே? மௌனம் சம்மதம்க்கா. பொண்ணு பாக்கப் போனாக்கூட, பொண்ணு ஒண்ணும் பேசாம நின்னா சம்மதம்னுதான எடுத்துக்கறோம்?"

என்னைப் பெண் பார்க்க வந்தபோது நானும் வாய் திறக்கவில்லைதான். அன்றைக்கு எனக்குச் சொத்தைப் பல் வலி, கன்னம் வீங்கிக் கிடந்தது. அதைச் சம்மதம் என்றுதான் எழுதிக்கொண்டு போனார்கள். இந்த நாட்டில் பேசாதவளுடைய வாயில் வார்த்தை வைப்பது எவ்வளவு சுலபம் என்பது எனக்குத் தெரியாதா? ஆனால் ஒரு கோயிலுக்கும் அதே கணக்கைப் போடுவான் என்று நான் நினைத்துப் பார்த்ததில்லை.

"சரி, ரீட்மீயை படிச்சியா இல்லியா? மொத வரியே அதுதான."

"ரீட்மீ எல்லாம் யாருக்கா படிக்கறாங்க? அதுவும் அந்தச் சுவரு இருக்குதே, அது பெரிய தொல்லைக்கா. எறங்கனா தூக்கிப் போட்டு உளுந்தூர்பேட்டைல விடுது. பசங்க ஏதோ பக்கு, கோளாறுன்னு நெனச்சிக்கினு புகார் பண்றானுங்க. நான்தான் கஷ்டப்பட்டு அத்த சரி பண்ணேன்."

சரி பண்ணினானாம்! ஒருவன் சூடம் ஏற்றிக் கொடுத்த சொல், இவனுக்குக் கோளாறு. எனக்குக் கை பரபரத்தது. தம்பிதான் முந்திக்கொண்டு, நிதானமாக, எல்லாவற்றையும் சொன்னார். ஊர், வாசல், செருப்பு, சூடம், பெட்டி, அப்பா. ஒன்று விடாமல் சொன்னார். அட்மின் ஸ்டிக்கரை ஒட்டியபடியே கேட்டான். கேட்டு முடித்து, தலையை ஆட்டி, பெரிய மனசு பண்ணினான்.

"ஒண்ணு பண்ணலாம் தல. ஹெச்சை எடுத்துட்டு அங்க ஓம்னு போட்டுடறேன். பக்திமயமா இருக்கும். ஓகேவா?"

தூ! அந்தக் கடை வாசலிலேயே துப்பினேன். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

"இன்னாக்கா, ஃப்ரீயா குடுத்துட்டு இப்ப சண்டைக்கு வர்றீங்க?" என்றான் அவன். நிஜமாகவே அவனுக்குப் புரியவில்லை என்பதுதான் எனக்கு இன்னும் குமட்டுகிறது. "கிரெடிட்ஸ்கூட போட்டிருக்கறேன். போய்ப் பாருங்க."

போட்டிருந்தான். மூட்டையின் அடியில், பொடி எழுத்தில்: "ஒரிஜினலாகச் செய்த அனைத்து நல்ல உள்ளங்களுக்கும் நன்றி." அந்த நல்ல உள்ளங்களில் ஒருவர் அங்கே அவன் எதிரே நின்றுகொண்டிருந்தார். அவர் பெயர் என்ன என்று அவன் கடைசிவரை கேட்கவில்லை.

பிறகு நான் செய்யாதது எதுவும் இல்லை. மூட்டை இருந்த தளங்களுக்கெல்லாம் எழுதினேன். ஒன்றிரண்டில் எடுத்தார்கள். எடுத்த அன்றே வேறு இடத்தில் முளைத்தது. யார் யாரோ இறக்கி, யார் யாருக்கோ அனுப்பி, வேறு குரூப்காரர்கள் அட்மினுடைய பெயரை அழித்துத் தங்கள் பெயரை ஒட்டி விட்டிருந்தார்கள். அதற்கு அட்மின் வந்து, "என் உழைப்பைத் திருடிட்டானுங்க" என்று குரூப்பில் புலம்பியிருந்தான். படித்துவிட்டுச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. நான் நியாயம் கேட்டு அங்கே எழுதினால், "ஆன்ட்டி, போய் சமையல் பண்ணுங்க" என்றான் ஒருவன். "கம்ப்யூட்டர் மண்ணுக்கு எல்லாம் தீட்டா? மலைக்காரங்க இன்னும் எந்தக் காலத்துல இருக்கறாங்க?" என்றான் இன்னொருவன். அதற்கும் இதயம் இதயமாக விழுந்தது. ஒருவன், ஒரே ஒருவனாவது, கேட்டிருக்கலாமே என்று எழுதவில்லை. அவ்வளவு பேரில் ஒருவனுக்குக்கூடக் கூசவில்லை.

ஆடி பிறக்கும் முன்னால் ஊர் கூப்பிட்டது. நானும் போனேன். அதே பள்ளிக்கூட வராந்தா. இந்தத் தடவை லேப்டாப் இல்லை. வீடியோவை எல்லோரும் பார்த்திருந்தார்கள்.

"அழிச்சிட முடியுமாம்மா?" என்று பெரியவர் என்னைத்தான் கேட்டார்.

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் தோன்றியது. "எங்கிட்ட இருக்கறத அழிக்கலாங்க. மத்தவங்க எடுத்துக்கினு போனத அழிக்க முடியாது. எத்தினி பேர் கையில இருக்குதுன்னுகூடத் தெரியாது" என்றேன்.

பச்சை பெயின்ட் அம்மாள் எழுந்தார். "இவன் மேல இன்னா தப்பு? இவன் பூட்டுப் போட்டுட்டுதான குடுத்தான்? பூட்டை ஒடச்சவன் கீழ இருக்கறான். அவனப் போய் நிக்க வெச்சிக் கேளுங்க."

"அவன் எங்கிட்ட சொல்லு தரலியேம்மா. இவன்தான தந்தான்" என்றார் பெரியவர். கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு அவரே நொந்துபோய் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். கொஞ்ச நேரம் ஆளாளுக்குப் பேசினார்கள். கேட்டால், முக்கால்வாசிப் பேர் தம்பி பக்கம்தான். பெட்டியை அவர்களுக்கே விட்டுவிடலாம், பரிகாரம் ஏதாவது செய்யலாம் என்றுகூட ஒரு பேச்சு எழுந்தது.

அப்போது தம்பியின் அப்பா எழுந்து நின்றார். அதுவரை தூணோரமாக உட்கார்ந்திருந்தவர். "பெட்டி அடுத்த வூட்டுக்குப் போவட்டும்" என்றார்.

"உன் மேலயும் தப்பு இல்ல, உன் புள்ள மேலயும் தப்பு இல்ல. ஒக்காரு" என்றார் பெரியவர்.

"தப்பு இல்ல. ஆனா வாசல்ல கால் வெச்சிட்டான் இல்ல?"

பெரியவர் எழுந்துகொண்டார். கூட்டம் கலைந்தது.

தம்பி அன்றே தன் வீடுகளை எல்லாம் எடுத்துவிடச் சொன்னார். எடுத்தேன். புளியமரத்துக்காரருக்கு நடந்ததை எழுதினேன். தன் மரங்களையும் திருப்பிக் கேட்டுக்கொண்டார். அவர் கேட்டதும் நியாயம்தான். நான் செய்த மலை என்னிடம் இப்போது இல்லை. அட்மின் மூட்டையில் இருக்கிறது. என் சிமுலேட்டரில் மேற்கே திருப்பினால் மறுபடியும் ஊசியிலை மரம்தான் நிற்கிறது. நான் மேற்கே திருப்புவதில்லை.

ஆடித் திருவிழாவுக்கு வரச் சொல்லித் தம்பி கூப்பிட்டார். போகக் கூச்சமாக இருந்தது, போகாமல் இருந்தால் அதைவிடக் கேவலம் என்று போனேன். பம்பை முழங்கிக்கொண்டிருந்தது. அப்பா ஓரமாகத் தோளில் துண்டோடு நின்றிருந்தார். பெட்டி தூக்குவதற்கென்று அவர் வாங்கி வைத்திருந்த புது வேட்டியை, இந்த முறை தூக்குகிற அடுத்த வீட்டுக்காரருக்கே கொடுத்துவிட்டாராம். அந்த வீட்டுக்காரர் அதைத்தான் கட்டியிருந்தார். மடிப்பு இன்னும் கலையவில்லை. பெட்டி தோளில் ஏறியபோது அப்பா கும்பிட்டார். நான் அவர் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்தேன்.

"அக்கா!"

அட்மின். கழுத்தில் கேமரா, கையில் கழற்றிப் பிடித்த ஷூ. அவன் வருவான் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. "நேர்ல சும்மா அள்ளுதுக்கா! அடுத்த வெர்ஷன்ல இந்தத் திருவிழாவையே வெக்கலாம்னு இருக்கறேன். நீங்க அன்னிக்கு திட்டுனீங்களே, அதுக்கப்புறம் எனக்கே மனசு கேக்கல. இந்த தடவை எல்லாத்தையும் முறையா கேட்டுட்டுதான் எடுப்பேன்."

என் பக்கத்தில் தம்பி நின்றிருந்தார். அவர் ஒரு அடி முன்னால் வைத்தார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். கோயில் முன்னால் கை ஓங்கிவிடக் கூடாதே என்பதுதான் எனக்கு.

அட்மின் சுற்றும்முற்றும் பார்த்தான். வயதானவர், உள்ளூர்க்காரர் மாதிரி இருக்கிறார் என்று தோன்றியிருக்க வேண்டும், நேரே தம்பியின் அப்பாவிடம் போனான். யார் என்று அவனுக்குத் தெரியாது. அவருக்கும் இவனைத் தெரியாது. ரொம்பப் பணிவாக, குனிந்து, கேட்டான்.

"ஐயா, அந்தப் பெட்டியை கிட்ட நின்னு ஒரு போட்டோ எடுத்துக்கலாங்களா?"

"எங்கிட்ட கேக்காதீங்க தம்பி. தூக்கறவங்களக் கேளுங்க. முறை எங்க வூட்டுதுதான். இந்த வருஷம் நான் தொடக் கூடாது."

"ஏங்க, வூட்ல துக்கமாங்க?"

அப்பா எங்கள் பக்கம் திரும்பித் தம்பியைப் பார்த்தார். பிறகு அவனிடம், "ஆமா தம்பி" என்றார்.

"அய்யய்யோ, சாரிங்க" என்று சொல்லிவிட்டு, அட்மின் கேமராவைத் தூக்கிப் பிடித்தபடி பெட்டிக்குப் பின்னால் போனான்.